யப்பான் அண்ணையின் எட்டு நாட்கள்

பலெர்மோ முழுவதிலும் கக்கூஸுக்கென்று தனிச் செருப்பு வைத்திருந்த ஒரே தமிழர் யப்பான் அண்ணைதான். சிசிலித் தீவு முழுவதிலும் என்று சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கபோ சந்தைக்கு மேலே, மீன் மணக்கும் மூன்றாம் மாடியில் ஆறு பேர் இருந்தோம். ஒரேயொரு கக்கூஸ். அதன் வாசலில், யப்பான் வழக்கப்படி, ஒரு சோடி நீலச் செருப்பு. உள்ளே போகும்போது மாட்ட வேண்டும், வரும்போது கழற்ற வேண்டும். மன்னார் அந்தோனி ஒருநாள் அதோடேயே சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்துவிட்டான். அண்ணை அந்தக் கறியைத் தொடவில்லை.

யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படித்தபோது பரிமாற்ற மாணவராக யப்பானுக்குப் போனவர் அவர். எட்டே நாள். ஒன்பதாம் நாள், தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தந்தி. திரும்பி ஓடினார். தம்பி கிடைக்கவில்லை. பிறகு ஏஜென்சிக்காரன் அவரை இத்தாலியில் கொண்டுவந்து தள்ளினான். பகலில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டுத் தரையைத் துடைப்பார். பின்னேரத்தில் எங்களுக்கு அந்த எட்டு நாளையும் சொல்வார்.

முதல் நாள், பல்கலைக்கழக வாசலில் மூத்த மாணவர்கள் வழிமறித்து, எங்கள் கழகத்தில் சேர் என்று துண்டுத்தாள் நீட்டினார்களாம். மாட்டேன் என்பதற்கு இவருக்கு யப்பான் பாஷை தெரியாது.

"அதாலை பதினொரு கழகத்திலை சேர்ந்திட்டன். வில்லு, மலையேற்றம், தேத்தண்ணி... பொம்பிளைப் பிள்ளையளின்ரை பாட்டுக்குழுவும் அதுக்குள்ளை ஒண்டு."

"பாடினனீங்களோ அண்ணை?"

"முதல் ஒத்திகை ஒன்பதாம் நாளல்லோ."

இரண்டாம் நாள் வகுப்பில் எழும்பிக் குனிந்து பேர், ஊர், பொழுதுபோக்கு சொல்ல வேண்டியிருந்ததாம். எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அதே சடங்கு. லொறிக்குள் கிடந்து எல்லை தாண்டி வந்த அந்தோனியையும் முதல் நாளே நிற்க வைத்தார்.

"பேர் அந்தோனி. ஊர் மன்னார்."

"பொழுதுபோக்கு?"

"ஒளிக்கிறது."

"குனிஞ்சது காணாது. வணக்கத்துக்கு இவ்வளவு, நன்றிக்கு இவ்வளவு. பிழை விட்டால், பிழையின்ரை அளவுக்குக் குனியவேணும், விளங்குதோ?"

மூன்றாம் நாள் செய்வித்தது ஒரு முத்திரை. அங்கே கையெழுத்துக்குப் பதில் அதுதானாம். இன்றைக்கு யார் சமையல் என்று எழுதும் தாளில்கூடச் சிவப்பாகக் குத்திவைப்பார். அவருடைய உண்மைப் பெயர் யப்பான் எழுத்தில் அதில் இருந்தது. வாசிக்கத்தான் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மார்கழியில் யப்பான் பேராசிரியரின் கடிதம் வந்தது. இடம் இன்னும் இருக்கிறது, சித்திரைக்குள் வந்தால் சேரலாம். அண்ணை அதைப் பூசைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். விசா எடுக்க முதலில் பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலியில் தங்கும் அனுமதி வேண்டும். இத்தாலியன் படித்தவன் என்ற பெருமையில் படிவத்தை நான்தான் நிரப்பினேன். கையெழுத்திடும் இடம் வந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, முத்திரையைக் குத்துங்கோ. பெரிய ஆளெண்டு நினைப்பாங்கள்."

பகிடி. அவருக்குப் பகிடி விளங்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்துக்கொண்டே வேலைக்கு ஓடிவிட்டேன்.

பொலிஸ் அலுவலகத்தில் அண்ணை குனிந்து, பேர், ஊர், பொழுதுபோக்கு எல்லாம் சொல்லி, படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினாராம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சிவப்பு வட்டத்தை உற்றுப் பார்த்தார். படிவம் பழுது, புதிதாக நிரப்பி வா என்று திகதி கொடுத்தார். திகதி வைகாசியில்.

சித்திரை வந்தது, போனது. அண்ணை என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஆனால் கக்கூஸ் வாசலில் செருப்பைக் காணவில்லை.

அந்தக் கிழமை யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்து ஆள் ஒருவர் புதிதாக வந்தார். யாரும் அவரை எழுப்பி நிறுத்தவில்லை. அண்ணை சுவரைப் பார்த்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து அண்ணைக்கு முன்னால் போய்க் குனிந்தேன். பேரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன்.

"பொழுதுபோக்கு... பகிடி விடுறது."

அந்தோனிகூடச் சிரிக்கவில்லை. அண்ணை வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"காணாது. இன்னும் குனியடா."

குனிந்தேன். இன்றைக்கும் முழுதாக நிமிர மனம் வரவில்லை.