ஓட்டு டீமும் கோல் நர்சம்மாவும்

கால்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் சரி, அதை ஒரு பிரசவ கேஸாக நினைத்து நடத்தியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். ஐம்பதுகளில் அவர் ஓசூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்சாக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் கோல் நர்சம்மா.

நான் அதே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எனக்கு மருந்து கலக்குகிற அறை. அவருக்கு அடுத்த கட்டிடம். நடுவில் இரண்டு சுவர்கள். அந்த இரண்டு சுவர்களையும் தாண்டி அவர் குரல் வந்து என் கண்ணாடிப் பாட்டில்களை ஆட்டும். "முக்கு! முக்குடி! இன்னும் கொஞ்சம்!" என்று அவர் சத்தம் போட்டால் எதிரே சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் தெலுங்கு, வார்டில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். கோபம் அடிக்கடி வரும்.

இனி டீமைப் பற்றி. மூக்கண்டப்பள்ளியைத் தாண்டி ஓர் ஓட்டு ஆலை இருந்தது. கூரை ஓடு செய்கிற இடம். அதன் முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம். ஆடுவதற்கென்றே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். காலையில் ஓடுவதும் சாயங்காலம் உதைப்பதும்தான் அவர்கள் வேலை. நம் பக்கத்தில் லீக் எதுவும் இல்லாததால் டீம் சனிக்கிழமைதோறும் எல்லை தாண்டி பெங்களூருக்குப் போய் ஆடும். ஆடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. தோற்கும். திரும்பி வருகிற பஸ் ஓசூரில் நின்றதும் கடைவீதியில் யாராவது கேட்பார்கள்: "இன்னைக்கு எத்தனை ஓடு உடைஞ்சுது?"

நாலு, ஐந்து என்று கோல் கணக்கைச் சொல்லிவிட்டு ஆட்டக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

இந்த டீமில் நர்சம்மா வந்து மாட்டிக்கொண்டது ஒரு சண்டையால். டீமுக்குக் கோல் காக்கிற கோலி சம்பங்கி என்று ஒருவன். அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்த நேரத்தில் புருஷன் பெங்களூரில் ஆடிக்கொண்டிருந்தான். நர்சம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு, பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டார். ஆட்டம் நடக்கும்போதே கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று சம்பங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, பொண்டாட்டி அங்க உசுரைக் கையில புடிச்சுக்கினு கெடந்தா, நீ இங்க நின்னுக்கினு என்னாடா புடிக்கிறே?"

சம்பங்கி பதில் சொல்லத் திரும்பினான். அந்த நேரத்தில் பந்து உள்ளே போனது.

"அதுவும் புடிக்கலியா?" என்றார் நர்சம்மா. திட்ட வந்தவர் அப்படியே ஆட்டம் முடிகிறவரை நின்று பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். அத்திப்பள்ளி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"கம்பவுண்டரு, இந்தப் பசங்களுக்கு வியாதி ஒண்ணும் இல்ல. கவனிக்க ஆள் இல்ல. அவ்ளோதான்."

அன்றைக்குப் பிடித்தது சனி. நான் கிழமையைச் சொல்கிறேன்.

டீமைத் தூக்கி நிறுத்த ஒரு யோசனைக் கூட்டம் கூடியது. இடம், ராவ் நடத்திய காபி ஹோட்டல். ராவ் உடுப்பிக்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அவரோடு தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர், நர்சம்மா, நான். நால்வரில் யாரும் பந்தை உதைத்ததில்லை என்பதால் யோசனைகள் தடையில்லாமல் வந்தன.

ராவ் சொன்னார்: "கிழக்கு பாத்து ஆடணும். மேற்கு பாத்து ஆடறதாலதான் தோக்கறோம்."

"பாதி ஆட்டத்துல பக்கம் மாத்திடுவாங்களே?" என்றேன்.

"மாத்த மாட்டோம்னு சொல்லிடணும், அவ்வளவுதான். அஷ்டே!"

பாய் பூட்ஸ் பக்கம் போனார். அதுவரை நம் ஆட்கள் வெறுங்காலோடு ஆடியவர்கள். பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும் என்று அப்போதுதான் லீக்கில் கண்டிப்பு வந்திருந்தது. "ஏம்பா, கடையில விக்கிறது காகிதம் மாதிரி இருக்குது. நான் நல்ல எருமைத் தோலா எடுத்துத் தச்சுத் தர்றேன். பந்து பட்டா கிருஷ்ணகிரியில போய் விழும்," என்றார்.

தைத்தும் தந்தார். அந்த பூட்ஸை நான் ஒரு முறை கையில் தூக்கிப் பார்த்தேன். மறுபடி தூக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நம் ஆட்கள் மைதானத்தில் நடந்து வந்தது, சேற்று வயலில் நாற்று நடப் போவதைப் போல இருந்தது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பின்னால் நின்று தடுக்கிற பேக் ஒருவன் பந்தை ஓங்கி உதைத்தான். பந்து நின்ற இடத்திலேயே நின்றது. பூட்ஸ் கழன்று பறந்து, எதிர்க் கோலியின் காதை ஒட்டிப் போய், வலையில் விழுந்தது.

நர்சம்மா குடையை மேலே எறிந்து "கோல்!" என்று குதித்தார்.

கோல் இல்லை என்று ரெஃப்ரி கையை ஆட்டினார். நர்சம்மா மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். "ஏன்ரீ, கண்ணு காணிசல்வா? கண்ணு தெரியலியா? உள்ள போச்சில்ல?"

"அம்மா, போனது பந்து இல்லை, பூட்ஸ்."

"எதுவா இருந்தா என்னா? இத்தனை வாரமா ஒண்ணும் போகல. இன்னைக்கு ஏதோ ஒண்ணு போயிருக்குது. அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அந்த ரெஃப்ரி நல்ல மனுஷர். இருந்தாலும் பூட்ஸுக்குக் கோல் கொடுக்கவில்லை.

அடுத்தது நர்சம்மாவின் சொந்த வைத்தியம். ஆட்டக்காரர்கள் வயிறு மந்தமாக இருக்கிறது, அதனால்தான் கால் நகரவில்லை என்று முடிவு செய்தார். கடைவீதியில் விளக்கெண்ணெய் வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினோரு பேரையும் வரிசையில் நிறுத்தி, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார். அளந்து கொடுத்தவன் அடியேன். காலையிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. எண்ணெய் வேறு கணக்கு வைத்திருந்தது. மறுநாள் ஆட்டத்தில் நம் ஆட்கள் ஓடிய வேகத்தை அதற்கு முன்பும் பின்பும் பெங்களூர் கண்டதில்லை. ஆனால் ஒருவர்கூட கோல் இருந்த திசையில் ஓடவில்லை. ஒரு கட்டத்தில் மைதானத்தில் நம் ஆட்கள் நாலே பேர். அவர்களும் அசையப் பயந்து நின்றார்கள்.

ஓடுகள் எத்தனை உடைந்தன என்று அன்று கடைவீதியில் நாங்கள் சொல்லவில்லை.

இத்தனைக்கும் ஆட்டக்காரர்கள் அவர் பேச்சை மீறமாட்டார்கள். பாதிப் பேரின் பிள்ளைகளைக் கையில் ஏந்தி எடுத்தவர் அவர்தானே. அதுவே ஒரு நாள் வினையானது. எதிரிகள் பந்தோடு வர, நம் பேக்குகள் எல்லாரும் சம்பங்கியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நர்சம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "என்னாத்துக்கு இங்க கூட்டம்? நகருங்க! காத்து வரட்டும்! எல்லாரும் வெளியே போங்க!" என்று வார்டுக் குரலில் ஒரு அதட்டல் போட்டார். பழக்கதோஷம், பேக்குகள் அத்தனை பேரும் கைகட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். எதிர் டீம்காரன் தயங்கித் தயங்கி, யாராவது தடுப்பார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நடந்தே போய் கோல் போட்டான்.

அவருடைய பெரிய கவலை முனியப்பன். டீமின் சென்டர் ஃபார்வர்டு, கோல் போட வேண்டியவன். பந்தைக் கோல் வாசல்வரை அழகாகக் கொண்டுபோவான். அங்கே போனதும் நின்றுவிடுவான். உதைக்கலாமா, யாருக்காவது கொடுக்கலாமா என்று யோசிப்பான். அதற்குள் பந்து போய்விடும். "வாசல் வரைக்கும் வந்துட்டு நிக்குது பாரு!" என்று நர்சம்மா பல்லைக் கடிப்பார். அவருக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். "முக்குடா, முனியப்பா! முக்கு! தலை தெரியுது! முக்கு!" பாவம் முனியப்பன், அதைக் கேட்டதும் வெட்கம் பிடுங்கித் தின்ன, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வான்.

இப்படியே போய், கடைசி ஆட்டம் வந்தது. அதை மட்டும் ஆலையின் சொந்த மைதானத்தில் வைத்துக்கொள்ள முதலாளி எப்படியோ ஏற்பாடு செய்துவிட்டார். முந்தின நாள் டீமைக் கூப்பிட்டு, எங்களையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஜெயிக்கணும். இல்லாட்டி டீமைக் கலைச்சுடறேன். திங்கக்கிழமையில இருந்து எல்லாரும் களிமண் மிதிக்கப் போங்க."

சம்பங்கி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். திரும்பி வரும்போது நர்சம்மா யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஆலைக் குடியிருப்பே மைதானத்தில் இருந்தது. பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்து ஓர வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளைவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஓடு உடையவில்லை என்பதே எங்களுக்குத் திருவிழாவாக இருந்தது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி ஆயா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நர்சம்மா, பேரிகை ஊருப் பக்கத்திலேருந்து வண்டியில ஒரு பொம்பளையைக் கொண்டாந்திருக்காங்க. நேத்துலேருந்து வலியாம். கண்ணு சொருகுது."

நர்சம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எழுந்துவிட்டார். இரண்டடி போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கம்பவுண்டரு, முனியப்பன் கோல்கிட்டப் போனா நீ குரல் கொடு."

"நானா? என்னன்னு?"

"எத்தனை வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேக்கறே. உனக்குத் தெரியாதா?"

போய்விட்டார். நான் பாயைப் பார்த்தேன். பாய் ராவைப் பார்த்தார். ராவ் வானத்தைப் பார்த்தார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். முனியப்பனிடம் பந்து வந்தது. இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு கோல் வாசலுக்குப் போனான். வழக்கம்போல் நின்றான். ஏதோ தோன்றியவன்போல் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே அவர் இல்லை. அவன் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன்.

என் வாழ்நாளில் நான் சத்தமாகப் பேசியவன் இல்லை. அன்று எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: "முக்கு!"

பக்கத்தில் பாய், தாடி நடுங்க, "முக்குப்பா! முக்கு!" என்றார். ராவ், "முக்கோ மாராயா, முக்கோ!" என்று புதிதாக ஒரு கன்னடத்தை உண்டாக்கினார். அவ்வளவுதான், வரப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் நர்சம்மா கையில் பிள்ளை பெற்றவள். "முக்கு! முக்கு!" என்று மைதானமே அதிர்ந்தது.

எதிர்க் கோலி பெங்களூர்க்காரன். இது என்ன சத்தம் என்று புரியாமல் தன் பேக்கிடம் கேட்டான். அந்த பேக்குக்குத் தமிழ் தெரியும். சொன்னான். கோலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. முனியப்பன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உதைத்தான். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டியது.

"பொறந்துருச்சு!" என்று வரப்பிலிருந்து ஒருத்தி அலறினாள். சிரிக்க வைத்துக் கோல் போட்டதாக எதிரிகள் முறையிட்டார்கள். சிரிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு ரெஃப்ரி திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினார். ஜெயித்துவிட்டோம்.

முனியப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடியது. பிரசவ வார்டு வாசலில் ஒரே கூச்சல். கதவு திறந்தது. நர்சம்மா வந்து நின்றார். புடவையெல்லாம் கறை, முகமெல்லாம் வேர்வை.

"வாயை மூடுங்கடா! இப்பத்தான் ரெண்டு பேரும் கண்ணை மூடியிருக்காங்க."

"ரெண்டு பேருமா?" என்றேன் பயந்துபோய்.

"தாயும் புள்ளையும். தூங்கறாங்க. நல்லா இருக்காங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அங்க என்னா ஆச்சு?"

"ஒண்ணு," என்று ராவ் ரகசியமாகச் சொன்னார்.

"யாருக்கு?"

"நமக்கு."

முனியப்பனைக் கீழே இறக்கி முன்னால் தள்ளினார்கள். நர்சம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணைத் தெறந்துக்கினா ஒதைச்சே?"

"இல்லீங்க. மூடிக்கினு."

"அதான். தெறந்திருந்தா யோசிச்சிருப்பே." அவன் நெற்றியில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீம் கலையவில்லை. அடுத்த வருஷமும் தோற்றது, ஆனால் கௌரவமாகத் தோற்றது. அந்த வருஷமே நர்சம்மாவுக்குத் தெற்கே ஏதோ ஓர் ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. பஸ் ஏற்ற டீமே வந்தது. எல்லாரையும் ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார். சம்பங்கியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ராவின் ஹோட்டலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பெங்களூர் பஸ் வந்து நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"போகலையா கம்பவுண்டரு?" என்றார் பாய்.

எத்தனை நாள்தான் மறைப்பது? "பாய், எனக்குக் கால்பந்து பிடிக்காது. எப்பவும் பிடிச்சதில்ல," என்றேன்.

பாய் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்கும்தாம்பா."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த ராவ் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "நனகூ இஷ்ட இல்ல," என்றார்.

பஸ் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் விளக்கு வைக்கிற நேரம்வரை அங்கேயே உட்கார்ந்து, அந்த அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.