8080-க்கு அப்புறம் 80

எங்கள் மருத்துவமனையின் இணையதளம் போல் பாதுகாப்பான ஒன்றை உலகம் கண்டதில்லை. திறப்பு விழா முடிந்து நான்கு நாளாகியும் ஓர் ஈ காக்காய்கூட உள்ளே நுழையவில்லை!

டயாலிசிஸுக்கு நேரம் பதிவு செய்யும் தளம் அது. திறந்த அன்றே, 'நவீனமயம்' கருதி, நேரில் வந்து பதியும் ஜன்னலை இழுத்துப் பூட்டிவிட்டோம். பூட்டிய பெருமை நிர்வாக அலுவலரான என்னையே சேரும்.

திறப்பு விழாவுக்கு முன்பே புரோகிராமர் பெண் இயக்குநரிடம் விளக்கியிருந்தாள்.

"சார், வெப் சர்வர் கன்டெய்னருக்குள்ள ஓடுது. அது மூடின அறை மாதிரி. போர்ட்னா வாசல் எண். உள்ள அது 80-ம் போர்ட்லதான் காத்துக்கிட்டிருக்கும். வெளியே மெஷினோட 8080-க்கு வர்றவங்களை உள்ள 80-க்கு அனுப்புன்னு நாமதான் சொல்லணும். முதல்ல வெளி எண், அப்புறம் உள் எண். 8080:80. இதுதான் போர்ட் மேப்பிங்."

"பெரிய எண்ணுக்கு அப்புறம் சின்ன எண்ணா? ஏறுவரிசைன்னு ஒண்ணு இருக்கேம்மா!"

"மாத்தினா உள்ள 8080-ல யாருமே இருக்க மாட்டாங்க சார்."

"ஆள் இல்லன்னா போஸ்டிங் போட்டுக்கலாம்."

இயக்குநர் தலைமையில் மூன்று மணி நேரம் கூடிய குழு, 80:8080 என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

நான்காம் நாள் ஒரு பெண் போனை நீட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஐயா, வீட்டுக்காரருக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சு. மூச்சு வாங்குது. இது திறக்கவே மாட்டேங்குது."

"இணையத்துலதான்மா பதியணும்."

"அதுக்குத்தான்யா நாலு நாளா தட்டிக்கிட்டிருக்கேன்!"

அடுத்த மேஜையிலிருந்த புரோகிராமர் இதைக் கேட்டாள். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. கன்டெய்னரை நிறுத்தி, 8080:80 என்று அடித்து, மறுபடி ஓடவிட்டாள். இணைப்பையும் திருத்தி, அந்தப் பெண்ணின் போனிலேயே தளத்தைத் திறந்து பதிந்து கொடுத்தாள். வீட்டுக்காரருக்கு மதியமே படுக்கை கிடைத்தது. பிழைத்துக்கொண்டார்.

குழுவின் தீர்மானத்தை மீறியதற்காக அவளுக்கு மெமோ போனது. 'பொதுமக்களிடம் அமோக வரவேற்பு' என்று இயக்குநருக்குச் சால்வை வந்தது.

தளம் இப்போது திறக்கிறதென்று பழைய நோயாளிகளுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு எனக்கு. வரிசையாகப் போன் போட்டேன். மூன்று வீடுகளில் வேறு யாரோ எடுத்து, "அவருக்கு இனிமே தேவைப்படாதுங்க" என்றார்கள்.

மூன்று பெயருக்கும் எதிரே என் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டேன்: 'பயனாளிக்கு ஆர்வமில்லை.'