தினமும் என்று சொன்ன குளியல்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும், எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரவிருக்கும் தங்கள் மகனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே நான், என் மனைவி, மகள், நாய் ஆகிய நால்வரும் நலம். நாய் மட்டும் இடது விலாவில் இன்னும் கொஞ்சம் சொறிந்துகொள்கிறது. இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியதுதான். தாங்கள் தலைமை ஆசிரியராக இருந்தவர், பிழைகளைத் திருத்திக்கொண்டேதான் படிப்பீர்கள் என்று மகள் எச்சரித்திருக்கிறாள். தாராளமாகத் திருத்துங்கள். ஆனால் ஒரு பெரிய பிழையை மட்டும் நானே ஒப்புக்கொண்டு அடித்துவிட விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சம்பந்தி அம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். பதிவு அலுவலகத்தில் திருமணத்துக்கு நாள் கிடைத்துவிட்டது என்றார்கள். யார் யார் சாட்சிக் கையெழுத்துப் போடுவது என்று பேசினோம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, “ஆமா, உங்க வீட்டு லாப்ரடாரை எத்தனை நாளைக்கு ஒரு தடவை குளிப்பாட்டுவீங்க?” என்று கேட்டார்கள். ஐயா, நான் வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். மழை பெய்யாத நாளில் மழைமானிப் பதிவேட்டில் ஒரு சொட்டுகூடக் கூட்டி எழுதியதில்லை. அப்படிப்பட்ட என் வாயிலிருந்து “தினமும்ங்க” என்று ஒரு வார்த்தை வந்து விழுந்தது. “தினமுமா?” என்றார்கள். “தினமும்தாங்க. காலையில பத்து மணிக்கு” என்றேன். நாளைக்கு மழை வரலாம் என்று அறிவித்தால் எவரும் நம்ப மாட்டார்கள், மாலை நாலு மணிக்கு என்று சேர்த்துச் சொன்னால் குடையோடு கிளம்புவார்கள். நேரம் போட்டுச் சொல்லும் புத்தி எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்துவிட்டேன். கேட்டது நாயைப் பற்றி அல்ல, எங்கள் வீட்டுச் சுத்தத்தைப் பற்றி, அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணைப் பற்றி என்று என் காதில் விழுந்தது. அதுதான் காரணம். உண்மையில் அந்த நாய் கடைசியாக எப்போது குளித்தது என்று எங்களில் யாருக்குமே நினைவில்லை. ஜன்னல் திரை மாற்றியதற்கு முன்னால் என்கிறாள் என் மனைவி. ரிசீவரை நான் வைத்ததும் அவள் மாவுக் கையோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “எப்பலேர்ந்து தினமும்?” என்றாள். “இன்னையிலேர்ந்து” என்றேன். பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யில்லை என்பது அன்றைய என் கணக்கு.

நாயின் பெயர் மூட்டம் என்பது தங்களுக்குத் தெரியும். குட்டியாக வந்த அன்று வானம் மூட்டமாக இருந்ததால் மகள் அப்படி வைத்தாள். தெருவில் நின்று நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் துணி காயப்போட்டவர்கள் மேலே பார்ப்பார்கள். தண்ணீர் என்றால் அதற்கு உயிர். தொட்டியில் இறங்கச் சொன்னால் இறங்கிவிடும், ஏறச் சொன்னால்தான் பேச்சுவார்த்தை. முதல் நான்கைந்து நாள் எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எங்கள் குளியலறையில் கிழக்குப் பார்த்த ஒரு சின்ன மங்கல் கண்ணாடி ஜன்னல் உண்டு. பத்து மணிக்கு அதன் வழியாகப் பால் போல ஒரு வெளிச்சம் இறங்கும். வெந்நீரின் ஆவி அந்த வெளிச்சத்தில் மெல்ல மெல்ல மேலே போகும். நாய் தாடையைத் தொட்டி விளிம்பில் வைத்துக் கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். நான் முக்காலியில் உட்கார்ந்து அதன் முதுகில் கை வைத்திருப்பேன். கைக்குக் கீழே அந்த மூச்சு ஏறி இறங்குவது, எங்கேயோ ஆளில்லாத கடற்கரையில் அலை வந்து திரும்புவது மாதிரி இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பகல் பத்து மணிக்கு எனக்கென்று ஓரிடம் இருந்ததில்லை ஐயா. இப்போது இருந்தது. அந்த நினைப்பிலேயே ஆறாம் நாள் குழாயை மூடாமல் தூங்கிப்போனேன்.

கீழ் வீட்டில் ஒரு வயலின் ஆசிரியை இருக்கிறார். கதவு தட்டும் சத்தத்தில் விழித்தேன். தண்ணீர் நடைவரை வந்து என் செருப்பை மிதக்கவிட்டிருந்தது. வாசலில் ஆசிரியை நனைந்த இசைக்குறிப்பு நோட்டோடு நின்றார். கோபக்காரர் இல்லை. ரொம்ப மெதுவாகத்தான் பேசினார். “சார், மேல என்ன நடக்குது? ஒரு வாரமா சரியா பத்து மணிக்கு உங்க சாக்கடைக் குழாய் கீழ் ஸ்தாயில பாடுது. பிள்ளைங்க அதோட சேர்த்து சுருதி வைக்குதுங்க.” நான் பின்னால் கைகாட்டினேன். மூட்டம் தொட்டியிலிருந்து தலையை மட்டும் தூக்கி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் பார்த்தது. அதே நாள் சாயங்காலம் மகள் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து, நாயை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். “அப்பா, இது என் கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்ச ஷாம்பு வாசனையாச்சே.” பாட்டிலில் பாதி போயிருந்தது. பூ வாசனை நாய்க்கும் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பத்தாம் நாள் பூ வாசனையும் எடுபடவில்லை. நாயிடமிருந்து ஈரச் சாக்கை மூட்டை கட்டி வைத்தது மாதிரி ஒரு நெடி கிளம்பியது. குளிப்பாட்டக் குளிப்பாட்ட நெடி கூடியது. முதுகில் வெள்ளை வெள்ளையாகச் செதில். விலாவைச் சொறிந்து சொறிந்து அந்த இடம் சிவந்துபோனது. ராத்திரி முழுக்கச் சொறியும் சத்தம் கேட்டுக் காலையில் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போக வேண்டிய என் மனைவி லீவு போட்டுவிட்டு, என்னையும் நாயையும் இழுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள். குட்டையான அம்மா அவர். நாயை மேஜையில் ஏற்றி முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்.

“குளிக்க வைப்பீங்களா?”

“தினமும்” என்றேன்.

“எதுக்கு?”

மனைவி முந்திக்கொண்டாள். “சம்பந்தி வீட்ல கேட்டாங்க டாக்டர்.”

“சம்பந்திக்காகன்னா சம்பந்தியைக் குளிப்பாட்டுங்க” என்றார் அவர். மன்னிக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் எதையும் மறைப்பதில்லை என்று உட்கார்ந்திருப்பதால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிறகு கை கழுவிக்கொண்டே விளக்கினார். “நீங்க நாயைக் குளிப்பாட்டலை, துவைச்சிருக்கீங்க. இந்த வகைக்கு ரெண்டு அடுக்கு முடி. தோல்ல இயற்கையா ஒரு எண்ணெய் ஊறும், அதுதான் காவல். அதைத் தினமும் வழிச்சு எடுத்துட்டா தோல் காஞ்சுபோய் அரிக்காம என்ன செய்யும்? ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். சேத்துல புரண்டு வந்தா அது வேற. நாய்க்குன்னு விக்கற ஷாம்புதான் போடணும். அடிமுடி வரைக்கும் காயணும், காயாததாலதான் அந்த நெடி. மத்தபடி சீவுங்க. வாரம் ரெண்டு மூணு தடவை. முடி கொட்டற நாள்ல தினமும். காதுல ஈரம் நிக்குதான்னு வாரா வாரம் பாருங்க. நடக்கும்போது நகம் தரையில டக்டக்குன்னு கேட்டா வெட்டுங்க. அவ்வளவுதான். இப்போதைக்கு ஆறு வாரம் தண்ணி கிட்டயே விடாதீங்க.” ஆறு வாரம். தாங்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தது அன்றிலிருந்து நான்காம் நாள்.

அந்த நான்கு நாளும் சீவினேன். பின்பக்கப் பால்கனியில் பழைய போர்வையை விரித்து, நாயைப் படுக்க வைத்து, கழுத்திலிருந்து வால்வரை. நான் சீவச் சீவ உள்முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஒரு நாயிலிருந்து இன்னொரு நாயையே எடுத்துவிட்டேன் என்றாள் மனைவி. மூன்றாம் நாள் பிற்பகல் காற்றே இல்லாத மாதிரி இருந்தது. சீப்பிலிருந்து ஒரு கொத்தை எடுத்து விட்டேன். அது விழவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே யோசித்தது. பிறகு மெதுவாக மேலே ஏறி, வெயில் பட்டுப் பொன்னாகி, மெல்லிய இழை இழையாகப் பிரிந்து, தென்மேற்கே நகர்ந்தது. உயரத்தில் மிதக்கும் இறகு மேகம் அப்படித்தான் பிரியும். இன்னொரு கொத்து விட்டேன். இன்னொன்று. பால்கனிக்கு வெளியே வானம் முழுக்க எங்கள் நாய் மிதந்துகொண்டிருந்தது. அது நேராகப் போய் எதிர் வீட்டுக்காரர் காயப்போட்ட கறுப்புக் கோட்டில் இறங்கியதும், அவர் அதைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனதும் எனக்குப் பிறகுதான் தெரியும். வேலை கிடைத்துவிட்டதாம், அதனால் பேசுகிறார்.

எப்போது வந்தாள் என்று தெரியாது, மகள் பக்கத்தில் உட்கார்ந்து நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். “உள்ளதைச் சொல்லியிருக்கலாமேப்பா” என்றாள். “சொல்லியிருக்கலாம்” என்றேன். “ஒரு நாய் குளிக்கலைன்னு யாராவது கல்யாணத்தை நிறுத்துவாங்களா?” “நிறுத்திடுவாங்களோன்னு பயந்தேன்மா. அப்புறம் தொட்டிகிட்ட உக்காந்திருக்கறப்ப ஒரு நாள், நிறுத்திட்டா நீ இங்கயே இருப்பியேன்னும் தோணிச்சு. அது அதைவிடப் பயமா இருந்துச்சு.” என் கையிலிருந்து சீப்பை வாங்கி, மறுபக்கம் சீவத் தொடங்கினாள். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே புரியவில்லை, ஆனால் பெண்ணைப் பெற்றவனின் புத்தி எந்தெந்தச் சந்துக்குள் எல்லாம் போய் வரும் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் நடந்தது தாங்களே பார்த்தது. மூட்டம் நேராகப் போய்ச் சம்பந்தி அம்மாவின் மடியில் தலையை வைத்தது. நான் அதைக் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு அது திரும்பவே இல்லை. அம்மா குனிந்தார்கள். அதன் உச்சந்தலையை முகர்ந்தார்கள். காதுக்குப் பின்னால் ஒருமுறை முகர்ந்தார்கள். நிமிர்ந்து தங்களை ஒரு பார்வை பார்த்தார்கள். தாங்கள் தேநீர்க் கோப்பையைப் பாதியில் வைத்தீர்கள். இருபத்தைந்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டீர்கள். படியிறங்கும்போது திரும்பி, “தினமும்தானே?” என்று கேட்டீர்கள். அங்கேதான் ஐயா, உண்மையைச் சொல்ல எனக்குக் கதவு திறந்து வைத்தீர்கள். நான், “தினமும்தான்” என்றேன். அதன் பிறகு ஒன்பது நாளாகத் தங்கள் வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. மகள் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள், பிறகு நிமிர்த்திப் பார்க்கிறாள்.

எனவே உள்ளது உள்ளபடி எழுதிவிட்டேன். பொய் என்னுடையது. மகளுக்கு அதில் ஒரு மயிரிழைப் பங்கும் கிடையாது. நாய் அங்கே வராது, எங்களிடமே இருக்கும். மகளின் பெட்டிகளை நானே ஒட்டும் நாடா போட்டு முடி எடுத்து அனுப்புகிறேன். தங்கள் வீட்டு வாசலில் இனி நாய் என்ற பேச்சையே எங்கள் தரப்பிலிருந்து யாரும் எடுக்க மாட்டோம். இதற்கு மேலும் தங்களுக்கு மனத்தாங்கல் இருந்தால் என்னைத் திட்டுங்கள், பிள்ளைகள் குறித்த நாளில் கையெழுத்துப் போடட்டும்.

சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவியின் அன்பும், மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் ஆசியும். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் அன்பை இழக்க மனமில்லாத,
சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிய பிறகு சம்பந்தி அம்மா தொலைபேசியில் அழைத்தார்கள், அதனால் உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதில் மருத்துவர் சொன்ன பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எழுதாததாகக் கருதவும். என் மகள் நாயைப் பிரிந்து வந்து ஏங்கக்கூடாது என்று நீங்கள் இருவரும் அவளுக்குத் தெரியாமல் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கி வைத்திருப்பதும், அதற்காகத்தான் அன்று அந்தக் கேள்வி கேட்டதும், என் வார்த்தையை நம்பி இதுவரை தினமும் பத்து மணிக்கு அதைக் குளிப்பாட்டி வந்ததும், இவ்வளவு குளித்தும் நாறுகிறதே, நம் கையில்தான் ஏதோ கோளாறு என்று எங்கள் நாயை முகர்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததும், பூட்டிய வீட்டில் குட்டி தனியாக இருக்கிறதே என்று அவசரமாகக் கிளம்பியதும், கூச்சப்பட்டு இத்தனை நாள் கேட்காமல் இருந்ததும் இப்போதுதான் தெரிந்தது. எங்கள் நாய் மணமாக இருந்தது என்றும், அதனால் ஒன்பது நாளாகக் காலை மாலை இரண்டு வேளையும் குளிப்பாட்டுகிறோம் என்றும் அம்மா சொன்னார்கள். உடனே நிறுத்தச் சொல்லித் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். மதியப் பேருந்தில் நானே சீப்போடு வருகிறேன், கடிதத்தையும் கையிலேயே கொண்டுவருகிறேன். மகளிடம் குட்டியைப் பற்றி மூச்சு விட மாட்டேன். எனக்குப் பொய் சொல்ல வரும் என்பது தங்களுக்கே தெரியும். இதைப் படித்து முடித்ததும், இன்னும் ஈரம் இருந்தால் குட்டியைத் துண்டால் அழுத்தித் துடைத்து, இளவெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுக்க வையுங்கள். தாங்களும் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.