நூறுநாள் ஒட்டிய போஸ்டர்

கல்யாணமோ கத்திரிச்செடியோ, நூறு நாள் ஓடாத எதையும் மதிக்காத மனிதர் பாண்டிச்சேரியிலேயே ஒருவர்தான். உப்பளம் பகுதியில் எங்கள் ஆபீஸின் தபால் பிரிவில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவர் நூறுநாள் அண்ணன். பெயரைக் கேட்டுவிட்டு, நூறு நாள் வேலை கேட்டு அவரிடம் மனு கொடுத்தவர்களும் உண்டு. அவரும் முத்திரை குத்தி வாங்கிக்கொள்வார்.

டீ வந்தால் தமிழ் சினிமா சரித்திரமும் கூடவே வந்துவிடும்.

"மொதல்ல அம்பது பாட்டு இருந்தா படம் ஓடுச்சு. அப்புறம் பாட்ட கொறச்சிட்டுப் பேச ஆரம்பிச்சாங்க, அதுவும் ஓடுச்சு. அம்மா அழுதா ஓடுச்சு. பாம்பு, யானை, ஆட்டுக்கடா எல்லாம் நடிச்சுது, மனுசன விட நல்லாவே ஓடுச்சு. இப்ப இன்னாடான்னா மூணாம் நாளே கேக் வெட்றானுங்க. மூணு நாள்ல வந்துட்டுப் போறது வெற்றி இல்ல தம்பி, காய்ச்சல்."

எங்கள் ஆபீஸில் எந்த அதிகாரியும் இரண்டு மாதம் தாண்டியதில்லை. ஒருவர் மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தார். நூறாம் நாள் காலையில் அவர் அறை வாசலில் மாவிலைத் தோரணமும் 'வெற்றிநடை போடுகிறது' என்ற அட்டையும் தொங்கின. அதிகாரி நெகிழ்ந்துபோய் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. "நூறு போதும் சார், அதுக்கு மேல பேராச" என்று அண்ணன் ஆறுதல் சொன்னார்.

இவரைத்தான் என் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சியாக அழைத்துப் போனேன். சொந்தத்தில் யாரும் வரவில்லை, மற்ற சாட்சிகள் பதிவு அலுவலக வாசலில் கிடைத்தவர்கள். மணப்பெண் மரியின் அப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. பெண்ணுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, அவர் பாஷையில் நசியோனாலித்தே, இருந்தது; எனக்கு ரேஷன் கார்டு இருந்தது. "நசியோனாலித்தேக்காகத்தான் கட்றான். விசா கைக்கு வந்ததும் ஓடிடுவான். மூணு மாசம் தாங்காது" என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டு, மகளோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். அந்த மூன்று மாதமும் மரி, அப்பா கூப்பிடுவாரா என்று போனைப் பார்த்துக்கொண்டே சமைத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். எனக்கு விசாவே வேண்டாம், அந்த மனுஷர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தால் போதும் என்று இருந்தது.

எங்கள் நூறாம் நாள் காலையில் மாமனார் வீட்டு எதிர்ச்சுவரில் ஒரு போஸ்டர். பதிவு அலுவலகத்தில் எடுத்த எங்கள் போட்டோ, ஓரத்தில் அண்ணனின் பாதி மூக்கு. மேலே 'வெற்றிகரமான 100-வது நாள்'. கீழே, தியேட்டர் பெயர் வரும் இடத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊர்: 'ரெட்டியார்பாளையம், தினசரி நான்கு காட்சிகள்'.

நான் ஆபீஸுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். அண்ணன் விரலில் இருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"ஓடுதுன்னு நீயே சொல்லிட்டு இருந்தா எவன் நம்புவான்? போஸ்டர் பாத்தாத்தான் ஜனம் நம்பும்."

"நாலு காட்சின்னு எதுக்குண்ணே போட்டீங்க?"

"போஸ்டர்னா அது இருக்கணும் தம்பி."

அன்று சாயங்காலம் மாமனார் வந்தார். கக்கத்தில் உரித்துச் சுருட்டிய போஸ்டர். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"நூறு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுப்பா" என்றாள் மரி.

"நான் தொண்ணூறு வரைக்கும்தான் எண்ணுனேன்." போஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு, "காப்பி இருக்கா?" என்றார். மரி அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டுக் காப்பியோடு வந்தாள். நாலு காட்சியைப் பற்றி அவர் இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் அண்ணனுக்கு நன்றி சொல்லப் போனேன். வாய் சும்மா இருக்காமல், "உங்க கல்யாணம் எத்தனை நாள்ணே ஓடுச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டு வாரம்" என்றார். "அவங்க அம்மா வூட்டுக்குப் போனாங்க, வரல. நல்ல படம் தம்பி. எனக்குத்தான் ஓட்டத் தெரியல." பிறகு தபால்களுக்கு முத்திரை குத்த ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்றபின் தவளக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். ஞாயிறு தவறாமல் மதியம் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். சினிமாக்காரர்கள் கணக்கில் இருபத்தைந்து வாரம் ஓடினால் வெள்ளிவிழா. தான் வந்துபோகும் வாரங்களை அவர் எண்ணுகிற மாதிரி தெரியவில்லை. நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். வருகிற ஞாயிறு இருபத்தைந்தாவது வாரம். போஸ்டர் அச்சாகி, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. 'ஞாயிறு மதியம் ஒரே காட்சி' என்று போட்டிருக்கிறேன். மழை கிழை வந்து அவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்பதுதான் இந்த வாரம் முழுக்க என் கவலை.