பெயர் ஒட்டாத பாட்டில்

எழுதப் படிக்கத் தெரிந்தும், ஒரு பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டச் சோம்பல்பட்டு, சொந்த மாமனாரின் கண்ணைக் கெடுக்கப் பார்த்தவன் நான்.

கீழப்பாவூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மிஷின்களுக்கு எண்ணெய் போடுவது என் வேலை. "எதுல ஊத்துனாலும் பேரு எழுதி ஒட்டுலே!" என்று போர்மேன் அண்ணாச்சி தினமும் கத்துவார். எனக்குத் தெரியாத எண்ணெயா? கியர் ஆயிலைக் காலித் தைலப் பாட்டிலில் ஊற்றிச் சாப்பாட்டுப் பையில் சொருகிக்கொள்வேன். ஒரு நாள் அது என்னோடு தென்காசி வீட்டுக்கே வந்துவிட்டது. பையைத் துவைக்கப் போட்டபோது, பாட்டிலைக் குளியலறை அலமாரியில் வைத்தேன். (வைத்தவன் நான்தான். வேறு யார் தலையிலும் பழி போட வழியில்லை.)

அப்போது குற்றால சீசன். கல்யாணமாகி ஆறு மாதமாக "சாப்ட்டீயளா?" என்பதைத் தாண்டி என்னிடம் பேசாத மாமனார், ராயகிரியிலிருந்து அருவிக் குளியலுக்கு வந்திருந்தார். அருவியில் எண்ணெய்க்குத் தடை என்பதால் வீட்டிலேயே தேய்த்துக்கொண்டார். நான் பார்த்தபோது தலை முதல் கால் வரை பளபளத்தார்.

"மாப்ளே, இத எங்கன வாங்குனீய? என்னா வாடை! அசல் மலை மூலிகையில்லா! முட்டுவலி பறந்துட்டு!"

அந்த வாடை எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன்.

"இப்படி ஒரு மாப்ள எவனுக்கு வாச்சிருக்கு?" என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். (இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.) அருவி கழுவிவிடும் என்று நம்பினேன். கியர் ஆயில் தண்ணீருக்குப் போகாது என்பது என் தொழிலில் பாலபாடம்.

ஐந்தருவி அதைக் கழுவவில்லை. தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கிவிட்டது. அலறியவரை ஆட்டோவில் ஏற்றி, நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இமைகள் வீங்கி மூடியிருந்தன. என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"என்ன தேச்சீங்க?" என்றார் டாக்டரம்மா.

"மாப்ள வாங்குன மூலிகைத் தைலம்மா. அவுக மேல குத்தமில்ல."

அந்த நிலையிலும் எனக்காகப் பேசுகிறார்! இனி மறைத்தால் பார்வையே போய்விடும்.

"கியர் ஆயில்" என்றேன்.

"அது எதுக்குப் போடுறது?"

"நெல்லு மிஷினுக்கு."

மாமனார் பிடித்திருந்த என் கையை மெதுவாக விட்டார்.

கண் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. விட்ட கை விட்டதுதான். இன்று ஆலையில் மட்டுமல்ல, வீட்டில் உப்பு ஜாடி வரை பெயர் ஒட்டியிருக்கிறேன். ஒரு பயனும் இல்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்கு ரசம் ஊற்றக் குனிந்தேன். அவர் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்:

"மொதல்ல மாப்ள ஒரு வாய் குடிக்கட்டும்."

பந்தியே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது என் மனைவி.