கழுத்து சாரும் பூஜையில் வைத்த பேரிக்காயும்

இந்தச் சென்னையில் அடுத்தவர் கழுத்தைப் பிடித்துப் பிழைப்பவர்கள் ஆயிரம் பேர் உண்டு. நாள் முழுக்கக் கழுத்தைப் பிடித்தும் ஒரு ஜீவனுக்குக்கூடக் கெடுதல் செய்யாதவர் கழுத்து சார் ஒருவர்தான். அவர் பிடித்ததெல்லாம் பேரிக்காயின் கழுத்து.

விளக்கிவிடுகிறேன். பேரிக்காயை மரத்திலேயே கனியவிட்டால் நடுவில் கெட்டுப்போகும். காயாகப் பறித்து வீட்டில் வைத்தால்தான் பதமாகக் கனியும். அதுவும் உள்ளிருந்து வெளியே கனியும் என்பதால் தோலைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. காம்புக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் கழுத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல அமுக்க வேண்டும். இளகினால் அன்றைக்குச் சாப்பிட வேண்டும். "நேத்து கல்லு, நாளைக்குக் கூழு. பேரிக்கு ஒரே ஒரு நாள்தாம்மா" என்பார் சார். இதை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது சொல்லுவார். எனக்கு மட்டுமில்லை, லிஃப்டில் கூட வருபவர்களுக்கும் சொல்லுவார்.

அடையாறில் ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்தில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. உண்மையில் அவர் யாருக்கும் சார் இல்லை. என்னைப் போல அவரும் முனைவர் பட்ட மாணவர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர், அவ்வளவுதான். ஆனால் அரைக்கைச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, சட்டைப்பையில் மூன்று பேனாவோடு வருகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்டண்ட் வசந்தா மேடம்கூட "சார்" என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய ஆராய்ச்சி, பேரி எப்படிக் கனிகிறது என்பது. என்னுடையது, பேரி ஏன் நறநறக்கிறது என்பது. பேரிக்காயைக் கடித்தால் பல்லில் மணல் மாதிரி படுகிறதே, அது மண் இல்லை. பழத்துக்குள்ளேயே கல்லாக இறுகிப்போன செல்கள். எங்கள் பாஷையில் கல் செல். கொடைக்கானல் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்ற ஒரே ஒரு மரத்துப் பழம் மட்டும் வெண்ணெய் மாதிரி இருந்தது. அந்த மரத்தின் எந்த மரபணு மக்கர் செய்கிறது என்று கண்டுபிடித்தால் எனக்குப் பட்டம். அப்படித்தான் ஆறு வருடமாக என் காலம் போய்க்கொண்டிருந்தது. கே.கே. நகரில் இருந்த என் பெரியப்பா ஒவ்வொரு விசேஷத்திலும், "ஏம்மா பானு, இன்னும் அதே பேரிக்காதானா?" என்று பந்தியில் உட்கார்ந்து உரக்கக் கேட்பார். நான் சாம்பார் ஊற்றிக்கொள்வேன்.

கழுத்து சாரின் கட்டைவிரல் புகழ் பாண்டி பஜார்வரை பரவியிருந்தது. அங்கே பழக்கடை போட்டிருந்த அம்மாள் ஒருநாள் என் கண்ணெதிரே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, தெனம் வந்து அமுக்கிக்கினு போறே. ஒருநாளாச்சும் வாங்கிக்கினு போவியா?"

"இன்னும் நாலு நாள் ஆகும்மா. அப்ப வரேன்."

சொன்னபடி நாலாம் நாள் போனார். ஒரு பழத்தை எடுத்தார், காசு கொடுத்தார், அதே பழத்தை அந்த அம்மாளிடமே நீட்டினார். "இதுக்கு இன்னிக்குத்தாம்மா நாள். நீங்களே சாப்புடுங்க." அந்த அம்மாள் அதற்கப்புறம் அவரைத் திட்டவே இல்லை. வேறு யாராவது பழத்தை அமுக்கினால் மட்டும், "யோவ், நீ இன்னா பெரிய கழுத்து சாரா?" என்பார்.

எங்கள் குளிர்பதனப் பெட்டியில் இருந்த பழம் ஒவ்வொன்றின் காம்பிலும் அவர் ஒரு சீட்டுக் கட்டியிருப்பார். 'தின்னாதே' என்று கோணல் கையெழுத்தில் எழுதியிருக்கும். என் பழங்களுக்கும் நான் கேட்காமலே கட்டிவிட்டார். "நம்ம ஊர்ல பழத்தைப் பாத்தா மனுஷன் ஒண்ணு சாப்புடுவான், இல்ல சாமிக்கு வெப்பான். ஆராய்ச்சி பண்ணுவான்னு யாருக்கும் தோணாது" என்றார். வாக்குப் பலித்துவிட்டது.

அந்த வருடம் மழைக்காற்றில் என் கொடைக்கானல் மரம் சாய்ந்தது. தோட்டக்காரர் அதை விறகாக்கிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். எங்கள் பெட்டியில் இருந்த ஐந்து பழங்கள்தான் அந்த மரத்தின் மிச்சம். பல்கலைக்கழகமோ இனி ஒருநாள்கூட நீட்டிப்புக் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் அந்த ஐந்தையும் வெட்டி, கடைசி அத்தியாயத்தை முடிக்க வேண்டும். அந்தப் பழம் இல்லையென்றால் அத்தியாயம் இல்லை, அத்தியாயம் இல்லையென்றால் பட்டம் இல்லை.

ஆயுத பூஜை எங்கள் நிலையத்தில் வசந்தா மேடத்தின் ராஜ்யம். மையவிலக்கு இயந்திரத்துக்கு மாலை, நுண்ணோக்கிக்குச் சந்தனம், டி.என்.ஏ. பெருக்குகிற கருவிக்கு நெற்றி நிறையக் குங்குமம். பொட்டு வைத்தாகிவிட்டால் மறுநாள் புனர்பூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. கழுத்து சார் அன்று காலையே பழத்தைக் குத்தி அழுத்தம் பார்க்கும் தன் கருவியைத் தோள்பையில் ஒளித்துவைத்ததை நான் பார்த்தேன். "சாயந்திரம் ரூம்ல வேலை இருக்கு, மேடம்கிட்ட சொல்லிடாதே" என்று கண்ணைக் காட்டினார்.

நான் பூ வாங்கப் போய்த் திரும்புவதற்குள் பூஜை முடிந்துவிட்டது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு தட்டு. தட்டில் ஐந்து சீட்டுகள் மட்டும் கிடந்தன. தின்னாதே, தின்னாதே, தின்னாதே, தின்னாதே, தின்னாதே.

ஓடிப்போய்க் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தேன், என் பழங்கள் இருந்த தட்டு காலி. கழுத்து சார் விசாரித்து வந்து விஷயத்தைச் சொன்னார். வசந்தா மேடம் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். அவரவர் தொழிலுக்கு எது ஆயுதமோ அதைத்தானே பூஜையில் வைக்க வேண்டும்? டிரைவருக்கு வண்டிச் சாவி, கணக்கருக்குக் கால்குலேட்டர், பானுவுக்குப் பேரிக்காய். துடைத்து, சீட்டை அவிழ்த்து, பொட்டு வைத்துவிட்டார். சாமி முன்னால் வைத்த சாவியை யாரும் தொடமாட்டார்கள். சாமி முன்னால் வைத்த பழத்தை யார் விட்டுவைப்பார்கள்? அது பிரசாதம். தீபாராதனை முடிந்ததும் காவலாளி முருகேசன் ஒன்று, கேன்டீன் பாஷா பாய் இரண்டு, மேடமே இரண்டு என்று எடுத்துக்கொண்டு போயாயிற்று.

யானை வாயில் போன கரும்பு என்று நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிம்மா" என்றார் சார். "ஜனங்க பேரிக்காயில எதைச் சாப்புடுவாங்க?"

"சதையை."

"உனக்கு எது வேணும்?"

எனக்கு வேண்டியது கொட்டையைச் சுற்றியிருக்கும் நடுச்சக்கை. கல் செல் எப்போதும் அங்கேதான் குவிந்திருக்கும். ஜனங்கள் தூக்கி எறிகிற பாகம்! வேறு யாராக இருந்தாலும் இப்படி ஒரு நேரத்தில் ஆறுதல் சொல்வார்கள். இவர் குப்பைத்தொட்டியைக் காட்டினார். "மூணு தேறினாப் போதும், அத்தியாயம் நிக்கும். வா."

முதலில் வாசலில் முருகேசன்.

"பழம் சாப்டியே, சக்கை எங்கப்பா?"

"இன்னா சார் கேள்வி இது. சாமி பிரசாதத்தைத் துப்புவாங்களா? கொட்டையோட முழுங்கிட்டேன்."

சார் மனம் தளரவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, "நறநறன்னு இருந்துதா?" என்று கேட்டார்.

"இல்ல சார், சொம்மா வழவழன்னு போவுது. ஒரு கொறையும் இல்ல."

"பாத்தியா, உன் மரம் சத்தியம் பண்ணுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

பாஷா பாய் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோடை ஒட்டிய ஒரு சந்தில். கதவைத் திறந்ததும் சார் கேட்ட முதல் கேள்வி, "பாய், கடிச்சீங்களா, வெட்டினீங்களா?" கடித்திருந்தால் பேரியோடு பாய் வீட்டு டி.என்.ஏ.வும் சேர்ந்து வருமே என்பது அவர் கவலை. பாய் பயந்துவிட்டார்.

"அய்யய்யோ, பழத்துல மருந்து கிருந்து கலந்து கீதா சார்?"

"அதெல்லாம் இல்ல பாய். குப்பைத்தொட்டி எங்க?"

பாயின் மனைவி பழத்தை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, சக்கையை ரோஜாச் செடிக்காகச் சேர்த்துவைக்கும் டீத்தூள் வாளியில் போட்டிருந்தார். சார் முழங்கைவரை கையை விட்டார். "வுடுங்க சார், நா எடுத்துத் தரேன்" என்று பாயும் விட்டார். டீத்தூளுக்குள்ளிருந்து இரண்டு சக்கையும் முழுசாக வந்தன. அந்த வீட்டுச் சேமியா பாயசத்தைக் குடிக்காமல் எங்களை வெளியே விடவில்லை. சார் குடித்து முடித்து, லேபில் பழத்துக்குப் போடுவது போலவே பாயசத்தின் வழவழப்புக்கு ஒன்பதுக்கு எட்டு மதிப்பெண் போட்டார்.

இன்னும் ஒன்று வேண்டும். சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வசந்தா மேடம் வீட்டில் கொலு அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. மேடத்தின் பங்கில் ஒரு பழத்தை நறுக்கிப் பரிமாறி, சக்கையை வாசலுக்கு வந்த மாட்டுக்குப் போட்டாயிற்று. இன்னொன்று முழுசாக, கீழ்ப்படியில் அவர் பையனின் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தின்மேல், பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

"புஸ்தகத்து மேல வெச்சதை நாளைக்குக் காத்தால புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுப்பா சார். நீங்க முதல்ல உக்காருங்கோ, சுண்டல் சாப்பிடுங்கோ" என்றார் மேடம்.

சார் என் காதில், "காலையில வந்தா இருக்காது. பிரசாதம்னு யார் கேட்டாலும் மேடத்துக்கு இல்லேன்னு சொல்ல வராது" என்றார். ஏற்கெனவே கொலு பார்க்க வந்த ஒரு வாண்டு அந்தப் பழத்தின்மேலேயே கண்ணாக இருந்தது. சார் கொலுப்படிக்கும் அந்த வாண்டுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொலு வீட்டில் அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது மயிலாப்பூரில் எல்லாருக்கும் தெரியும், அவருக்குத் தெரியவில்லை.

"சார், ஒரு பாட்டுப் பாடுங்கோளேன்" என்றார் மேடத்தின் மாமியார்.

கழுத்து சாருக்குப் பாட்டு வராது. ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டார். டி.என்.ஏ. பிரிக்கிற செய்முறையை இழுத்து இழுத்துப் பாட ஆரம்பித்தார்.

"அரைத்ததைச் சூட்டிலே வை... அரைமணி நேரம் வை... மெல்ல மெல்ல ஆட்டு... மேலே தெளிந்ததை எடு... அடியிலே கிடப்பதை விடு..."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மாமியார் கண்ணில் தண்ணீர். "அடியிலே கிடப்பதை விடுன்னா... என்ன ஒரு வேதாந்தம். யார் பண்ணின சாஹித்யம் இது?"

"எங்க லேப்ல எல்லாரும் பண்றதுதாம்மா."

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடீ பானு, வெளிறிப்போய் இருக்கே?" என்று சமையலறைக்குள் இழுத்துப் போனார். நான் சொல்லிவிட்டேன். அந்தப் பழம்தான் கடைசி, மரம் விறகாகிவிட்டது, அது இல்லையென்றால் ஆறு வருடமும் அம்போ.

மேடம், "உன் தீசிஸ் நன்னா முடியணும்னு வேண்டிண்டுதாண்டீ அதைக் கொண்டு வெச்சேன்" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால் பிடித்தவருக்குத்தானே வலி அதிகம். நேரே கொலுவுக்குப் போனார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். "படிக்கிறவளுக்குக் கொடுத்தேன்னு சரஸ்வதிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

புத்தகம் வெறுமையாக இருக்கக் கூடாதே என்று சார் மாட வீதிக்கு ஓடி வேறொரு பேரிக்காய் வாங்கி வந்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. கடையிலிருந்த அத்தனை கழுத்தையும் அமுக்கியிருப்பார்.

மூன்று சக்கை கிடைத்தது, அத்தியாயம் நின்றது, நான் டாக்டர் ஆனேன். பெரியப்பா இப்போது பந்தியில், "எங்க பானு பேரிக்காயிலயே டாக்டர்" என்று அதே உரத்த குரலில் சொல்கிறார்.

ஒரு விஷயம் எனக்கு விடுமுறை முடிந்த பிறகுதான் உறைத்தது. அன்று மாலை முழுக்க அந்த அழுத்தக் கருவி சாரின் தோள்பையிலேயே கிடந்தது. டீத்தூள் வாளியில் கை விட்டபோதும், கொலுவில் பாடினபோதும் தோளில்தான் தொங்கியது. அன்றைக்குத்தான் அவருடைய பழங்களுக்கு நாள். அறையில் வரிசையாக வைத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் எல்லை தாண்டிவிட்டன.

"என்ன சார் இது, உங்க ஒரு வருஷம் போச்சே" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கழுத்து எளகிப்போச்சு, போகட்டும்மா. அடுத்த வருஷமும் பேரி காய்க்கும். உன் மரம் காய்க்குமா?" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார். என்னைவிட ஒரு வருடம் பின்னால்தான் பட்டம் வாங்கினார்.

இப்போது அவர் மலைமேல் ஒரு பழப் பண்ணையில் இருக்கிறார். நான் இங்கே கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். அவருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று நேரில் சொல்ல முயன்றபோதெல்லாம் பேச்சைப் பழத்தைக் கனியவைக்கிற எத்திலீன் வாயுவுக்குக் கொண்டுபோய்விடுவார். அதனால்தான் இதை எழுதுகிறேன், படித்தாவது தொலைக்கட்டும். வருடா வருடம் பருவத்தில் எனக்கும் வசந்தா மேடத்துக்கும் பாஷா பாய்க்கும் ஆளுக்கொரு பெட்டி பேரிக்காய் வரும். ஒவ்வொரு காம்பிலும் அதே கோணல் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'திங்கள் தின்னலாம்', 'புதன் தின்னலாம்', 'வியாழன் தின்னலாம்'.

இன்று வியாழன். கழுத்தை அமுக்கிப் பார்க்காமலே கடித்தேன். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.