நடுச்சொல் ஞானி

"முட்டை வேணுமா?" என்று கடையிலிருந்து கணவர் ரெய்னோ போனில் எழுதிக் கேட்டிருந்தார். ஐலி ரொட்டிமாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை கழுவியபின் பதில் போடலாம் என்று விட்டுவிட்டாள். ரெய்னோ திரும்பவில்லை. கடை வாசலில், வண்டிச் சாவி கையில் இருக்க, இதயம் நின்றுவிட்டது.

ஐந்து மாதம் கழித்து, தண்டர் பே ஊரே மண்டபத்தில் திரண்டது. இறந்தவர்களைப் போனில் பேசவைக்கும் ஞானி டெல்மர் வந்திருந்தார். வித்தை எளிது. செத்தவரின் போனில் 'நான்' என்று அடிக்க வேண்டும். விசைப்பலகைக்கு மேலே மூன்று சொற்கள் தோன்றும். நடுச்சொல்லையே அழுத்திக்கொண்டு போனால், அதுதான் ஆவியின் வாக்கு. மற்ற இரண்டும் சாத்தானுடையவையாம். சாத்தானுக்கு மட்டும் ஏன் இரண்டு இடம் என்று யாரும் கேட்கவில்லை.

ஐலியும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் நிகழ்தகவு நடத்தியவள். நூலகத்தில் செவ்வாய்தோறும் முதியவர்களுக்கு நடக்கும் போன் வகுப்பை, "அது கைநாட்டுங்களுக்கு" என்று ஒதுக்கிய மேதை.

ரெய்னோவின் போன் பேசியது: 'நான் ஏரி வீட்டுக்குப் போறேன் கண்ணு சாவியைக் குடு.'

கண்ணு. அவர் மட்டுமே அப்படிக் கூப்பிடுவார். மேதை தேம்பி அழுதாள்.

"ஏரி வீட்ட நம்ம தியான மையத்துக்குக் குடுக்கச் சொல்றாரும்மா," என்றார் டெல்மர். பத்திரமும் தயாராக இருந்தது. ஆவிக்கு வக்கீல் பழக்கம் உண்டு போலும். ஐலி பேனாவைத் திறந்தாள்.

"இருடி ஐலி." செவ்வாய் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் எண்பது வயது வெல்மா எழுந்து வந்தாள். "ஐயா, இது எங்க வீட்டுக்காரர் ஆர்வோ போன். அவர் என்ன சொல்றார்னு கேளுங்க."

டெல்மர் நடுச்சொல்லை அழுத்தினார். 'நான் முள்ளங்கி முள்ளங்கி முள்ளங்கி.'

"பாவம், தோட்டத்த நினைச்சு ஏங்குறார்," என்றார் தழுதழுத்து.

"மூணு நாளா நாந்தான் அதுல முள்ளங்கி முள்ளங்கின்னு அடிச்சேன். நாம எத அடிக்கிறமோ அதத்தான் திருப்பிச் சொல்லும். வகுப்புல மொத நாள் பாடம். யோவ் ஆர்வோ, கையத் தூக்கு."

காப்பிப் பாத்திரத்தின் பக்கத்தில், வாய் நிறைய ரொட்டியோடு ஒரு கை உயர்ந்தது. "நான் செத்தத எங்கிட்ட யாருமே சொல்லல," என்றார் ஆர்வோ.

டெல்மர் பின்கதவு என்று நினைத்துத் திறந்தது சமையலறை. எல்லார் முன்னாலும்தான் வெளியே போக வேண்டியிருந்தது.

"அப்ப அந்தக் கண்ணு?" என்றாள் ஐலி.

"வெள்ளிக்கிழமை தவறாம ஏரி வீட்டுச் சாவி கேட்டு உனக்கு எழுதினவர்தானே. உயிரோட இருந்தப்ப சொன்னதுடி அது. அதுக்கு எதுக்கு ஆவி?"

அடுத்த செவ்வாய், கைநாட்டுகளின் கடைசி வரிசையில் ஐலியும் உட்கார்ந்தாள். போனை ஆயிரம் தடவை தட்டுகிறவர்களே, ஒரு தடவை மண்டையையும் தட்டிப் பாருங்கள். பதில் வர நேரமாகலாம். ஐலிக்கு ஐந்து மாதமும் ஒரு முள்ளங்கியும் ஆயின.

அவள் போனில் ரெய்னோவின் கடைசிக் கேள்வி அப்படியே இருக்கிறது: "முட்டை வேணுமா?"